அனுபவமே ஆபத்து!

பிள்ளைகள் அமெரிக்காவில் குடியேறிவிட்ட குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறைய உண்டு. அங்கு போய்வரும் நம்மவர்களில் பலருக்கு, “எத்தனை நாள்தான் பிள்ளையின் விடுமுறைக்குக் காத்திருப்பது? வாடகைக் கார் எடுத்து நாமே சுற்றினால் என்ன?” என்று தோன்றுகிறது. நல்ல யோசனைதான். எனக்கும் தோன்றியது.

தில்லியில் முப்பது வருடமாகக் கார் ஓட்டுபவன் நான். ஐ.டி.ஓ. நெரிசலில் ஓட்டியவனுக்குக் கலிபோர்னியா எம்மாத்திரம் என்ற நினைப்பு. முதல் நாள் தவறே நேரவில்லை. முன்னால் போகும் வண்டியைப் பின்தொடர்ந்தால் போதுமே! மறுநாள் அதிகாலை பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினேன். சாலையில் ஈ, காக்கை இல்லை. வண்டி தானாகவே இடது ஓரத்தைப் பிடித்தது. “ஐயோ, எதிர்ப்பக்கத்தில போறீங்களே!” என்று மனைவி அலறிய பிறகுதான் எதிரே வந்த லாரியைக் கவனித்தேன். பின் இருக்கையில் பேத்தி. தப்பித்தது அவள் அதிர்ஷ்டம்.

அன்று புரிந்தது: நெரிசல் நம்மைக் காப்பாற்றுகிறது, காலிச் சாலைதான் காட்டிக்கொடுக்கிறது. அனுபவம் என்பது யோசிக்காமல் கை செய்யும் வேலை. இடப்பக்கம் பழகிய கை, வலப்பக்கம் ஓட்டும் நாட்டிலும் இடத்தையே தேடும். 1967 செப்டம்பர் 3 அன்று ஸ்வீடன் நாடு முழுவதும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. விபத்துகள் பெருகும் என்று அஞ்சினார்கள். முதலில் குறையத்தான் செய்தன. எல்லோரும் பயந்து ஓட்டினார்கள். பயம் தெளிந்ததும் விபத்துகள் பழைய அளவுக்கே திரும்பின. அந்தப் பயம்தான் நமக்கும் வேண்டும்.

எனவே அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். பதினாறு மணி நேரம் பறந்து, இரவு பகல் தலைகீழான உடம்போடு, இறங்கிய அன்றே சாவியை வாங்காதீர்கள். முதலில் காலியான கார் நிறுத்துமிடத்தில் அரை மணி பழகுங்கள். இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போடுவீர்கள். அது அங்கேயே நடந்து முடியட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் “வலப்பக்கம்” என்று சொல்லச் சொல்லிப் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

‘ஸ்டாப்’ பலகை கண்டால், ஆளே இல்லாவிட்டாலும் சக்கரம் முழுவதும் நிற்க வேண்டும். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டினால் பின்னால் வருபவர் மட்டுமல்ல, நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலையில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். போலீஸ் நிறுத்தினால், நம் ஊர் வழக்கப்படி இறங்கி ஓடிப்போய்ச் சமாதானம் பேசாதீர்கள். ஸ்டியரிங் மேல் கை வைத்து உள்ளேயே இருங்கள்.

கையெழுத்துப் போடுமுன் இன்ஷூரன்ஸைக் கேளுங்கள். வாடகைக் காருக்கு வரும் சேதத்துக்கான பாதுகாப்பு வேறு. நம்மால் பிறருக்கு வரும் காயத்துக்கான பாதுகாப்பு வேறு. முன்னதை வாங்கிவிட்டு இரண்டும் கிடைத்ததாக நினைப்பவர்கள் பலர். அங்கே ஒருவரின் ஆஸ்பத்திரிச் செலவு நம் வாழ்நாள் சேமிப்பை விழுங்கிவிடும்.

வெளிநாட்டில் ஓட்டவே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. நாம் அங்கே முப்பது வருட டிரைவர் அல்ல, நேற்று லைசென்ஸ் வாங்கியவர் என்று நினைத்து ஓட்டினால் போதும். பேரன் பேத்திகளைப் பார்க்கத்தானே போகிறோம்!