கண்வலிக்கிழங்கில் முதல் ஆண்டு தோற்றவர்களுக்கு

தை மாதத்தில் கண்வலி விதை அறுவடை முடிந்ததும், இப்பயிரில் புதிதாக இறங்கிய சிறு விவசாயிகள் பலர் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்கிறார்கள். ஏக்கருக்கு நூறு கிலோ விதை வரும் என்று நம்பிக் கிழங்கு வாங்கி நட்டோம். இருபது கிலோகூடத் தேறவில்லை. கிழங்கைத் தோண்டி வந்த விலைக்கு விற்றுவிடலாமா, அல்லது மேலும் கிழங்கு வாங்கிப் போக்கிடங்களை நிரப்பலாமா என்பதே அந்தக் கேள்வி. விற்றுவிடு என்கிறார் அடுத்த தோட்டக்காரர். இன்னும் வாங்கு என்கிறார் கிழங்குத் தரகர்.

இரண்டும் வேண்டாம் என்பதே எனது கருத்து. முதல் ஆண்டு தோற்ற விவசாயி இரண்டாம் ஆண்டு பரப்பைக் குறைக்க வேண்டும். பயிரை விட்டுவிடக் கூடாது. இதற்குரிய காரணங்களைக் கணக்குடன் இங்கே விளக்க விரும்புகிறேன்.

மூலதனம் மண்ணில் இருக்கிறது

செங்காந்தள் என்றும் கலப்பைக் கிழங்கு என்றும் வழங்கும் இப்பயிரைத் தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களிலும் வேதாரண்யம் மணற்பாங்கான பகுதியிலும் விவசாயிகள் பல காலமாகச் சாகுபடி செய்து வருகிறார்கள். விதையில் உள்ள கோல்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காகவே இது பயிரிடப்படுகிறது. வாத நோய் வகைகளில் ஒன்றான கவுட் நோய்க்கு இது நெடுங்காலமாகப் பயன்படுகிறது. 2023ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், குறைந்த அளவு கோல்சிசினை இருதய நோயாளிகளுக்கும் கொடுக்க அனுமதி வழங்கியது. ஆகவே இம்மருந்தின் தேவை நாளையே மறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

60 செ.மீ. வரிசைக்கு வரிசை, 45 செ.மீ. செடிக்குச் செடி என்று நட்டால் ஏக்கருக்குச் சுமார் 15 ஆயிரம் கிழங்குகள் வேண்டும். கிழங்கு ஒன்று 50 முதல் 60 கிராம் என்றால் மொத்தம் 750 முதல் 900 கிலோ ஆகிறது. நன்கு பராமரித்த வயலில் கிடைக்கும் விதையோ ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோதான். அதாவது ஒரு கிலோ விதை எடுக்க எட்டு, ஒன்பது கிலோ கிழங்கை மண்ணில் போட்டிருக்கிறோம். கடன் வாங்கிய பணத்தில் பெரும்பகுதி இந்தக் கிழங்கில்தான் முடங்கியிருக்கிறது.

நல்ல வேளையாக, இது விதைத்து அறுத்தவுடன் முடிந்துபோகும் பயிர் அல்ல. நட்ட தாய்க்கிழங்கு வற்றிப்போனாலும், கொடி ஓரளவு வளர்ந்திருந்தால் அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகிவிடும். கொடி காய்ந்தபின் கிழங்கு மண்ணுக்குள் உறங்கி, அடுத்த பருவத்தில் மறுபடி முளைக்கும். ஒரு முறை நட்டு நான்கைந்து ஆண்டுகள் விதை எடுப்பவர்கள் உண்டு. ஆகவே ஒரு பருவத்து விதையை மட்டும் வைத்து இப்பயிரை லாபம் என்றோ நட்டம் என்றோ தீர்ப்புச் சொல்வது முறையாகாது. கிழங்கு எவ்வளவு மிஞ்சியது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

விளைச்சல் குறைந்தால் எல்லோரும் சொல்லும் காரணம் "கிழங்கு சரியில்லை" என்பதே. பல வயல்களில் இது பாதி உண்மைதான். பயிர் எந்தக் கட்டத்தில் கெட்டது என்பதை நினைவுபடுத்திப் பார்த்தால் உண்மைக் காரணம் தெரிந்துவிடும்.

முளைப்பே சரியாக வரவில்லை என்றால், கிழங்கின் முளை ஒடிந்திருக்கலாம். கலப்பை வடிவில் இரண்டு கிளையாக இருக்கும் இக்கிழங்கில் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. மூட்டையாகக் கட்டி, லாரியில் ஏற்றி, தூக்கிப் போட்டால் அந்த முளை ஒடிந்துவிடும். பார்வைக்குக் கிழங்கு நன்றாகவே இருக்கும், நட்டால் முளைக்காது. சிறு கிழங்காக இருந்தால் முளைத்து இலை விட்டும் முதல் ஆண்டில் பூக்காமலே போகக்கூடும்.

முளைத்து வளர்ந்த கொடி, மழைக்குப் பின் மஞ்சளாகி அடியோடு சாய்ந்தது என்றால் அது கிழங்கு அழுகல். தண்ணீர் தேங்கியதே இதற்கு வழி. வடிகால் உள்ள செம்மண், மணல் கலந்த செம்மண் நிலமே இப்பயிருக்கு ஏற்றது. களிமண்ணும் கரிசலும் ஏற்றவையல்ல.

கொடி நன்றாக இருந்து இலைகள் கருகிக் கொட்டினால் அது இலைக்கருகல் நோய். இலைகளில் ஓட்டை விழுந்தால் அது காந்தள் புழுவின் வேலை. புழு குறைவாக இருக்கும்போதே காலையில் கையால் பொறுக்கி அழிப்பது சிறு பரப்பில் எளிது. 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பதும் பலன் தரும்.

கொடி செழித்து, வயல் முழுதும் பூத்துக் குலுங்கி, காய் மட்டும் பிடிக்கவில்லை என்றால் குறை கிழங்கிலும் இல்லை, மண்ணிலும் இல்லை. மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. புதியவர்கள் அதிகம் தோற்பது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பரப்பை முடிவு செய்வது கைகளே

காந்தள் பூவில் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகி, ஏறக்குறையச் செங்கோணத்தில் பக்கவாட்டில் வளைந்திருக்கும். ஆகவே மகரந்தம் தானாகவே சூல்முடியில் விழுவது அரிது. வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. தமிழ்நாட்டில் ஆடியில் நட்ட பயிர் பூப்பது பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பூச்சி நடமாட்டமும் குறைந்துவிடும்.

எனவே கையால் சேர்க்கை செய்தாக வேண்டும். பூ விரிந்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள், காலை 8 மணி முதல் 11 மணிக்குள், ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவ வேண்டும். மெல்லிய தூரிகை போதும். மகரந்தப் பையையே கிள்ளி எடுத்தும் தடவலாம். வேலை கடினமானதல்ல, ஆனால் தினமும் செய்ய வேண்டும், அந்த மூன்று மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும்.

ஒரு ஏக்கர் நட்ட கணவனும் மனைவியும் 15 ஆயிரம் கொடிகளில் உள்ள பூக்களை இரண்டு பேராக எப்படித் தொட முடியும்? கூலிக்கு ஆள் தேடினால், காலை எட்டு மணி ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. பாதிப் பூ தொடாமலே உதிர்ந்துபோகிறது. பின்பு கிழங்கின்மேல் பழி விழுகிறது.

இதையே 25 சென்ட்டில் செய்திருந்தால் கொடிகள் 3,750 மட்டுமே. வீட்டார் இருவர் அதைச் சமாளிக்க இடமுண்டு. ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ என்ற கணக்கில் 25 சென்ட்டில் 20 முதல் 25 கிலோ விதை வர வேண்டும். அதாவது, கைவிட்ட ஒரு ஏக்கர் கொடுத்த அதே விதையைக் கவனித்த கால் ஏக்கர் கொடுத்துவிடும். செலவான கிழங்கோ நாலில் ஒரு பங்கு. அகல உழுவதைவிட ஆழ உழு என்று நம் பெரியோர்கள் சொன்னது இப்பயிருக்கு மிகவும் பொருந்தும்.

எனவே இப்பயிரின் பரப்பை, எவ்வளவு கிழங்கு வாங்கப் பணம் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஐப்பசிக் காலையில் வீட்டில் எத்தனை கைகள் இருக்கும் என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் ஆண்டு செய்ய வேண்டியவை

சித்திரை, வைகாசியில் வயலில் பரவலாகப் பத்து இடங்களில் கவனமாகத் தோண்டிப் பாருங்கள். ஏழெட்டு இடங்களில் கெட்டியான, அழுகாத கிழங்கு இருந்தால் முதலுக்கு மோசமில்லை. இரண்டு மூன்று இடங்களில்தான் இருக்கிறது என்றால், இருப்பவற்றைத் திரட்டி ஒரே இடத்தில் சேர்ப்பதே மேல்.

வயலிலேயே மேடான, நீர் வடியும் பகுதியில் 25 சென்ட்டைத் தேர்ந்தெடுங்கள். மற்ற இடத்துக் கிழங்குகளை எடுத்து, 50 கிராமுக்கு மேற்பட்டவற்றை மட்டும் பொறுக்கி, கூடையில் வைக்கோல் பரப்பி ஒரே அடுக்காக வைத்துக் கொண்டு வந்து நடுங்கள். சிறு கிழங்குகளைத் தனிப் பாத்தியில் நட்டு வளர விடுங்கள்; அவை அடுத்த ஆண்டுக்கான இருப்பு. ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை மக்கிய தொழு உரத்துடன் கலந்து இடும் கணக்கில், 25 சென்ட்டுக்குக் கால் கிலோ போதும்.

காலியான முக்கால் ஏக்கரில் கம்பு போன்ற சிறுதானியம் விதைக்கலாம். அழுகல் கண்ட நிலத்தில் நிலக்கடலை மட்டும் வேண்டாம். கிழங்கை அழுகச் செய்யும் பூசணங்களில் சில நிலக்கடலையையும் தாக்கும்.

கொடிக்குத் தாங்கு மிகவும் அவசியம். இலை நுனியே சுருண்டு பிடித்துக்கொண்டு ஏறும் பயிர் இது. பருத்த கம்பத்தை அந்த நுனியால் பற்ற முடியாது. மெல்லிய குச்சி வேண்டும். இதனால்தான் தாராபுரம் பக்கத்து விவசாயிகள் முள்கிளுவையை வரிசையில் நட்டு அதன்மேல் கொடியை ஏற்றுகிறார்கள். கிளுவை வளர நாளாகும். அதுவரை காய்ந்த விளார், முள்குச்சிகளைக் கொண்டு தாங்கு கொடுக்கலாம்.

பூக்கும் சமயத்தில் கடுமையான பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்க்கவும். உங்களுக்குக் கூலியின்றி வேலை செய்யும் தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் அது கொன்றுவிடும். காய்கள் பச்சை நிறம் மாறி வெளிர் மஞ்சளானதும் பறித்து, நிழலில் ஒரு வாரம் பத்து நாள் உலர்த்தி, வெடித்தபின் விதையையும் தோலையும் பிரித்து வையுங்கள். தோலுக்கும் விலை உண்டு. தூக்கி எறிய வேண்டாம்.

போக்கிடம் நிரப்ப வெளியில் கிழங்கு வாங்குவதாக இருந்தால், தெரிந்த விவசாயியின் வயலில் தோண்டும்போதே நேரில் பார்த்து வாங்குங்கள். காட்டிலிருந்து தோண்டி வந்த கிழங்கு மலிவாக வந்தாலும் வாங்க வேண்டாம். நம் மாநில மலர் காடுகளில் அருகி வருவதற்கு அத்தகைய வாணிபமும் ஒரு காரணம்.

விலை பற்றி ஒரு வார்த்தை

நன்றாக விளைந்தும் விலை விழுந்ததால் நட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சாகுபடிக் குறிப்பு சொல்லிப் பயனில்லை. நெல்லைப் போலக் குறைந்தபட்ச ஆதரவு விலை இதற்கு இல்லை. வீட்டில் வைத்துச் சமைத்துத் தின்னவும் முடியாது. வாங்குபவர்கள் மிகச் சிலர்; விலை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளின் தேவையைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. பத்து கிலோ விதையுடன் தனியாக வியாபாரி வீட்டு வாசலில் நிற்பவர், அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டத்தான் வேண்டியிருக்கும்.

ஒரு வட்டாரத்து விவசாயிகள் உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து, விதையை ஒரே தரமாக உலர்த்தி, ஒன்றாகக் குவித்து, பல வியாபாரிகளை ஒரே நாளில் அழைத்து விலை கேட்க வேண்டும். நன்கு காய்ந்த விதை உடனே கெட்டுவிடுவதில்லை. அறுத்த அன்றே விற்க வேண்டும் என்ற அவசரம் கடன்காரருக்குத்தான் உண்டு. ஆகவே கடன் வாங்கி இப்பயிரை விரிவாக்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிழங்கு விற்பவருக்குத் தரச்சான்று, விதைக்கு வெளிப்படையான ஏலம் ஆகிய இரண்டையும் எல்லா வட்டாரங்களிலும் உறுதி செய்வது அரசின் கடமை என்பதையும் இங்கே வலியுறுத்த விரும்புகிறேன்.

எச்சரிக்கை

இச்செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. உண்ணும் கிழங்கென்று நினைத்து உயிரை இழந்தவர்கள் உண்டு. கையுறை அணிந்தே கிழங்கைத் தொடுங்கள். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். விதை உலர்த்தும் இடத்தில் குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் அண்ட விடாதீர்கள். மிஞ்சிய கிழங்கைச் சமையற்கட்டுப் பக்கம் வைக்கவே கூடாது. யாரேனும் தவறிச் சாப்பிட்டுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

முதல் ஆண்டு நட்டம் ஒரு ஏக்கரில் வந்தது. அதை அதே ஒரு ஏக்கரில் ஒரே ஆண்டில் மீட்க நினைப்பதுதான் இரண்டாம் நட்டத்துக்கு வழி. இந்த ஆடியில் கால் ஏக்கர் நடுங்கள். பூத்த கொடி எத்தனை, காய்த்த கொடி எத்தனை என்று நோட்டில் எழுதி வையுங்கள். பரப்பை மீண்டும் கூட்டலாமா என்பதற்கு அடுத்த தையில் அந்த நோட்டே பதில் சொல்லும்.