சூப்பர்சார்ஜர் கடைசியா வரட்டும்

"சூப்பர்சார்ஜர் இன்ஸ்டால்" வீடியோ ஒண்ணாவது பார்க்காத மெக்கானிக்கல் ஸ்டூடண்ட் நம்ம காலேஜ்ல இருப்பாங்களான்னு எனக்குச் சந்தேகம்தான். பெட்டியைப் பிரிக்கிறாங்க, எஞ்சின் மேல உட்கார வைக்கிறாங்க, பெல்ட் மாட்டுறாங்க, டைனோவில் ஏத்துறாங்க. கிராஃப் மேலே போகுது, எல்லாரும் கத்துறாங்க. இருபது நிமிஷத்துல படம் முடிஞ்சுது. நானும் இதையெல்லாம் ரசிச்சுப் பார்க்கிற ஆள்தான். ஆனா என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்: ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் கடைசியா மாட்ட வேண்டிய பாகம் சூப்பர்சார்ஜர். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலைதான் உண்மையான ப்ராஜெக்ட்.

சும்மா சொன்னா நம்ப மாட்டீங்க. ஒரு காரை எடுத்துப் பார்ப்போம். மஸ்டா எம்எக்ஸ்-5, செல்லப்பெயர் மியாட்டா. 1989-ல் வந்த முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் எஞ்சின், அமெரிக்க மாடலில் 116 ஹெச்பி. எடை கம்மி, ரியர் வீல் டிரைவ், ஓட்ட அவ்வளவு ஜாலியான கார்னு பேரு. ஒரே குறை பவர். அதனாலதான் அந்தக் காருக்கு அமெரிக்காவில் பல வருஷமா சூப்பர்சார்ஜர் கிட் விற்குது.

இப்போ 1994-ல் மஸ்டாவே என்ன பண்ணாங்கன்னு பாருங்க. எஞ்சினை 1.8 லிட்டர் ஆக்கினாங்க. பவர் 116-லிருந்து 128 ஆச்சு. வெறும் 12 ஹெச்பி. அந்த 12 ஹெச்பி கூடின அதே மாடலில் பின்னாடி டிஃபரன்ஷியலையும் மாத்தினாங்க: 6 இஞ்ச் ரிங் கியர் போய் 7 இஞ்ச் வந்தது. பிரேக் டிஸ்க்கையும் பெருசாக்கினாங்க. கம்பெனிக்காரன் 12 ஹெச்பிக்கு இவ்வளவு யோசிக்கிறான். நாம 40, 50 ஹெச்பியை ஒரே சனிக்கிழமையில் ஏத்திட்டு, பழைய 6 இஞ்ச் கியரையே நம்பி கிளட்ச்சை டக்குனு விடுறோம். அந்த 1.6 கார்களில் டிஃபரன்ஷியல்தான் முதல்ல கைவிடும்னு மியாட்டா வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். 1.8-ன் டிஃபரன்ஷியலைத் தேடிப் பிடிச்சு மாத்துறது அங்கே ஒரு சடங்கு மாதிரி.

"பவரைக் கூட்டினா எல்லாம் கூடணும், இதெல்லாம் தெரிஞ்சதுதானே"ன்னு நீங்க கேட்கலாம். சரி, எவ்வளவு கூடுதுன்னு ஒரு கணக்குப் போடுவோம். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரை க்ளியர் பண்ணின எல்லாரும் போடக்கூடிய கணக்குதான்.

வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. கிட் தர்ற பூஸ்ட் 6 பிஎஸ்ஐ. ப்ரெஷர் ரேஷியோ 20.7 வகுத்தல் 14.7, அதாவது 1.41. "ஆஹா, 41 சதவீதம் கூடுதல் காத்து"ன்னு தோணும். ஆனா காத்தை அமுக்கினா சூடாகும். வெளியே 35 டிகிரி செல்சியஸ், ரூட்ஸ் வகை சார்ஜரின் எஃபிஷியன்சி 60 சதவீதம்னு வச்சுக்கோங்க. கணக்குப்படி காத்து ஏறத்தாழ 88 டிகிரியில் எஞ்சினுக்குள்ள போகும். அந்தச் சூட்டுல அடர்த்தி குறைஞ்சு, நிஜமா கிடைக்கிறது சுமார் 20 சதவீதம் கூடுதல் காத்துதான். பாதி போச்சு! நடுவுல ஒரு இன்டர்கூலர் வச்சு 50 டிகிரிக்கு இறக்கினா, அதே 6 பிஎஸ்ஐயில் சுமார் 34 சதவீதம் கிடைக்கும். இன்டர்கூலருக்குள்ள ஏற்படுற அழுத்த இழப்பை நான் இதில் சேர்க்கலை. இருந்தாலும் விஷயம் புரியுது இல்லையா? பூஸ்ட்டை ஏத்துறதுக்கு முன்னாடி சூட்டை இறக்கணும்.

சூடு இன்னொரு வழியிலும் கழுத்தை நெரிக்கும். சூடான காத்து, அதிக அழுத்தம், 9.4-க்கு 1 கம்ப்ரெஷன். இந்த மூணும் சேர்ந்தா நாக்கிங். ஸ்பார்க் ஆரம்பிச்சு வச்ச தீ போய்ச் சேர்றதுக்குள்ள, ஓரத்துல இருக்கிற கலவை தானா வெடிக்கும். அந்த 1.6 எஞ்சினில் நாக் சென்சார் கிடையாது. இக்னிஷன் டைமிங்கைப் பின்னாடி தள்ள நீங்க ஏற்பாடு பண்ணலைன்னா, பிஸ்டன் உடைஞ்ச பிறகுதான் காருக்கே விஷயம் தெரியும்.

அடுத்தது எரிபொருள். 34 சதவீதம் காத்து கூடினா பெட்ரோலும் அதே அளவு கூடணும். பழைய கிட்கள் பலதும் இதுக்கு ஒரு குறுக்கு வழி வச்சிருந்தன. பெரிய இன்ஜெக்டர் போடாம, ரெகுலேட்டரை வச்சு எரிபொருள் அழுத்தத்தை ஏத்திடுறது. இங்கே நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் குறுக்கே வருது: ஃப்ளோ அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்குத்தான் நேர்விகிதம். 34 சதவீதம் கூடுதல் ஃப்ளோவுக்கு அழுத்தம் 1.8 மடங்கு ஆகணும். 3 பார்ல ஓடின சிஸ்டம் 5.4 பார்ல ஓடணும். அழுத்தம் ஏற ஏற பழைய பம்ப் தள்ளுற அளவோ குறையும். பூஸ்ட் உச்சத்துல இருக்கும்போது பெட்ரோல் பத்தாம போனா, நாக்கிங் வெத்தலை பாக்கு வச்சு அழைச்ச மாதிரி வந்து நிக்கும். பெரிய இன்ஜெக்டர், நல்ல பம்ப், ட்யூன் பண்ணக்கூடிய ஈசியு, வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார். இந்த நாலும் எனக்குச் சார்ஜரை விட முக்கியம்.

கூலிங்கையும் சேர்த்துக்கோங்க. இந்த எஞ்சின் குடும்பம் முதல்ல மஸ்டா 323 மாதிரி கார்களில் குறுக்குவாட்டில் உட்கார்ந்தது. மியாட்டாவில் நீளவாட்டில் வைக்கும்போது, தண்ணி வெளியேறுற இடத்தையும் தெர்மோஸ்டாட்டையும் முன்பக்கம் கொண்டுவந்தாங்க. வாட்டர் பம்ப்பும் முன்பக்கம்தான். அதனால கடைசியா இருக்கிற நாலாவது சிலிண்டர் பக்கம் ஓட்டம் கம்மி, சூடு ஜாஸ்தி. ஸ்டாக் பவர்ல இது பெரிய பிரச்சினை இல்லை. பூஸ்ட் போடுறவங்கதான் தண்ணி பின்பக்கமா வெளியேறுற மாதிரி ஹோஸ் பாதையை மாத்துறாங்க. பளபளப்பான பாகம் எதுவும் இல்லை, ஒரு ஹோஸ், ஒரு ஹவுசிங், அவ்வளவுதான். வீடியோல இதுக்கு யாரும் கைதட்ட மாட்டாங்க. எஞ்சின் பிழைக்கிறது பெரும்பாலும் இந்த மாதிரி வேலையாலதான்.

"மனுஷங்க பயந்தா இப்படித்தான் கணக்குப் பேசுவாங்க, கம்பெனிகளே ஸ்டாக் எஞ்சின்ல சார்ஜர் போடலையா?" நல்ல கேள்வி. போட்டாங்க. 1986-ல் டொயோட்டா எம்ஆர்2-வில் 4ஏ-ஜிஇ எஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜர் வச்சப்போ, பேரையே 4ஏ-ஜிஇசட்இ-ன்னு மாத்தினாங்க. கம்ப்ரெஷனை 9.4-லிருந்து 8-க்கு இறக்கினாங்க, ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டாங்க, இன்டர்கூலர் வச்சாங்க, கியர்பாக்ஸையும் இன்னும் வலுவானதா மாத்தினாங்க.

லோட்டஸ் வேற வழியில் போனாங்க. 2006 எக்ஸீஜ் எஸ்-ல் 11.5-க்கு 1 கம்ப்ரெஷனைத் தொடவே இல்லை. பவர் 189-லிருந்து 218 ஆச்சு. "அப்போ கம்ப்ரெஷன் குறைக்க வேண்டியதில்லையா?" குறைக்காம இருக்க அவங்க வேற விலை கொடுத்தாங்க: அளவான பூஸ்ட், கூரையிலிருந்து காத்து வாங்குற இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், புதுசா எழுதின ஈசியு மேப். வழி ரெண்டு. தயாரிப்பு இல்லாத மூணாவது வழியை ரெண்டு கம்பெனியும் எடுக்கலை.

டிரைவ்டிரெய்ன் பக்கம் ஒரு விஷயம் பலர் கவனிக்கிறதில்லை. ரூட்ஸ் வகை சார்ஜர் கிராங்கோட பெல்ட்ல கட்டியிருக்கு. அதனால குறைஞ்ச ஆர்பிஎம்-லேயே டார்க் வந்துடும். கிளட்ச்சுக்கும் கியருக்கும் அடி விழுறது டார்க்கால. டைனோ ஷீட்டுல ஹெச்பி நம்பரை மட்டும் பார்த்துட்டு கிளட்ச் பழசே போதும்னு முடிவு பண்ணாதீங்க.

இவ்வளவுக்கும் முன்னாடி, ஒரு ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி, கம்ப்ரெஷன் டெஸ்ட், லீக்டவுன் டெஸ்ட். முப்பது வருஷப் பழைய எஞ்சின் அது. நாலு சிலிண்டரும் ஒத்துப் போகலைன்னா அங்கேயே நிறுத்துங்க. சுவர் இருந்தாத்தானே சித்திரம்.

நம்ம பார்க்கிங்ல மியாட்டா நிக்கப் போறதில்லை, எனக்கும் தெரியும். ரோட்ல ஓடுற வண்டியில் இப்படிக் கை வைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் விடாது. ஆனா ஃபார்முலா ஸ்டூடண்ட் டீம்ல இருக்கிறவங்க கவனிங்க. வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் "சார்ஜர் போட்டா ஜெயிச்சுடலாம்"னு சொல்றாங்க. பெட்ரோல் கார்னா காத்து முழுக்க 20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் வழியாத்தான் போகணும், அதுவும் சார்ஜருக்கு முன்னாடி. அந்தத் துவாரத்தில் காத்து ஒலி வேகத்தைத் தொட்டதும் ஃப்ளோ அதோட நின்னுடும். பின்னாடி எவ்வளவு பெரிய சார்ஜர் உறிஞ்சினாலும் ஒரு கிராம் கூடாது. நடு ஆர்பிஎம்-ல் டார்க் கிடைக்கும், உண்மை. அந்த டார்க்கைத் தாங்க செயினும் கிளட்ச்சும் டிஃபரன்ஷியலும் ரெடியா? டிசைன் ஜட்ஜ் கேட்கப் போற கேள்வி இதுதான்.

அதனால என் யோசனை: கிட்டோட விலை எவ்வளவோ, அதே அளவு பணமும் நேரமும் தயாரிப்புக்கு ஒதுக்க முடியுமான்னு முதல்ல பாருங்க. முடியும்னா தாராளமா இறங்குங்க. முடியாதுன்னா, இந்த வருஷம் கூலிங்கையும் கிளட்ச்சையும் மட்டும் சரி பண்ணுங்க. அடுத்த வருஷம் சார்ஜர் வாங்க வர்ற ஜூனியர் பசங்களுக்கு நீங்க விட்டுட்டுப் போற நல்ல சொத்து அதுவாத்தான் இருக்கும்.