மரத்தரையும் ஓடுகிற பிள்ளைகளும்

தரையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிரிக்க வேண்டாம் நண்பர்களே! கனடாவுக்குப் படிக்க வந்த பிறகு எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். டொராண்டோ பக்கம் நிறைய வீடுகளில் ஓக் மரத்தரை. அந்த வீடுகளில் எல்லாம் நாள் முழுக்கக் கேட்கிற ஒரே மந்திரம் இதுதான்: "ஓடாதே! குதிக்காதே! தரை போயிடும்!"

தரை போகுமா, போகாதா என்பது ஒரு பக்கம். பிள்ளைகளின் விளையாட்டு போய்விடுகிறதே, அதை யார் கணக்கில் எடுப்பது? வெளியில் ஐந்து மாதம் பனி. உள்ளே ஓடினால் திட்டு. அந்தக் குழந்தை எங்கேதான் ஓடும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தரையைக் கெடுப்பது பிள்ளைகளின் கால் அல்ல. பெரியவர்களின் செருப்பு, நாற்காலி, வாளித் தண்ணீர், இந்த மூன்றும்தான். இந்த மூன்றையும் திருத்தினால் பிள்ளைகளை விட்டுவிடலாம். சும்மா சொல்லவில்லை, கணக்கோடு சொல்கிறேன்.

யானையா, பிள்ளையா, குதிகாலா?

மரம் அமுங்குவது எடையால் மட்டும் அல்ல, அந்த எடை எவ்வளவு சிறிய இடத்தில் இறங்குகிறது என்பதால். 20 கிலோ குழந்தை வெறுங்காலோடு நிற்கிறது. ஒரு பாதம் சுமார் 80 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் காலில் நின்றாலும் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோதான். 4,000 கிலோ யானை நான்கு காலில் நின்றால், அதன் பாதம் அவ்வளவு அகலம் என்பதால், ஒரு கிலோவைத் தாண்டாது. ஆனால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஊசிக் குதிகால் செருப்போடு நடக்கும்போது, அந்த ஒரு நொடியில் ஏறக்குறைய முழு எடையும் ஒரு சதுர சென்டிமீட்டரில் இறங்குகிறது. அதாவது சுமார் 60 கிலோ!

குழந்தை ஓடும்போது இன்னும் கொஞ்சம் கூடும்தான். நாலு மடங்கு கூடட்டுமே, யானை அளவுதான் வரும். விருந்தாளி ஆன்ட்டியின் குதிகால் அளவுக்கு ஒரு நாளும் வராது.

மரத்தின் கடினத்தை அளக்க ஒரு முறை உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த காப்ரியேல் யாங்கா என்பவர் 1906இல் வகுத்தது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டையை மரத்தில் பாதி வரை இறக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். சிவப்பு ஓக்குக்கு சுமார் 1290 பவுண்டு விசை. கூடைப்பந்து மைதானங்களில் போடுகிற மேப்பிளுக்கு சுமார் 1450. வெள்ளைப் பைன் மரத்துக்கு 380தான். நாம் பெருமையாகச் சொல்கிற தேக்குகூட இந்தக் கணக்கில் ஓக்கைவிடச் சற்று மென்மைதான்.

அந்த மேப்பிள் தரையில் பத்து ஆறடி ஆட்கள் மணிக்கணக்கில் குதிக்கிறார்கள். அந்தத் தரை தாங்குகிறது. ஏன்? யாரும் தெருச் செருப்போடு அதில் ஏறுவதில்லை. உள்ளே போடுகிற காலணி வேறு, வெளியே போடுகிற காலணி வேறு. மேல்பூச்சையும் காலாகாலத்தில் புதுப்பிக்கிறார்கள்.

முதல் எதிரி: மணல்

மரத்தரை என்று நாம் பார்ப்பது உண்மையில் மரத்தை அல்ல, அதன் மேல் பூசிய பாலியூரித்தேன் பூச்சைத்தான். மூன்று முறை பூசினாலும் அது ஒரு தாளின் பருமனுக்கு மேல் பெரிதாக இருக்காது. தெருவிலிருந்து வருகிற மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். 1 முதல் 10 வரையுள்ள மோஸ் கடின அளவில் அதற்கு 7. கண்ணாடியைக்கூடக் கீறும். அந்த மணலைச் செருப்பில் ஒட்டி உள்ளே கொண்டுவந்து, அதன் மேல் நடந்தால் என்ன ஆகும்? உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. கனடாவில் குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு வேறு கூடவே வருகிறது. காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, நனைந்தால் ஈரம்.

நம்மவர்கள்தான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள் ஆயிற்றே என்று கேட்பீர்கள். கழற்றுகிறோம், உண்மை. ஆனால் வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டி, காருக்குப் போன பிறகு "ஐயோ, சாவி!" என்று ஷூவோடு சமையலறை வரை ஓடுகிறவர் யார்? பிள்ளையா? அப்பா! பீரோவையும் ஃபிரிட்ஜையும் தூக்காமல் இழுத்து நகர்த்துகிறவர் யார்? சித்தப்பா! அதற்கெல்லாம் திட்டு கிடையாது.

ஜப்பானைப் பாருங்கள். கியோட்டோவில் 1603இல் கட்டிய நிஜோ கோட்டை இருக்கிறது. அதன் அரண்மனைக்குள் மரத்தரைத் தாழ்வாரங்கள். மிதித்தால் பறவை மாதிரிக் கீச்சிடும். ஊர் உலகத்திலிருந்து வருகிற கூட்டம் அத்தனையும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் நடக்கிறது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இன்னும் வேடிக்கை. பிள்ளைகள் நன்றாகப் பிழிந்த துணியைத் தரையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, குனிந்தபடியே தாழ்வாரம் முழுக்க ஓடித் துடைக்கிறார்கள். நாம் ஓடாதே என்கிறோம், அவர்கள் ஓடித் துடை என்கிறார்கள்!

இரண்டாம் எதிரி: நாற்காலி

சாப்பாட்டு மேசைக்குக் கீழே குனிந்து பாருங்கள். வீட்டிலேயே அதிகம் கீறல் விழுந்த இடம் அதுதான். ஒவ்வொரு வேளையும் நாலைந்து நாற்காலிகள், பின்னுக்கு ஒரு இழுப்பு, முன்னுக்கு ஒரு இழுப்பு. வருடத்துக்கு எத்தனை ஆயிரம் இழுப்பு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நாற்காலிக் காலுக்கு அடியில் ஒட்டுகிற கம்பளித் துணி வட்டுகள் கடையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஒட்டினால் மட்டும் போதாது. அந்தத் துணியில் மணல் ஏறிவிட்டால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். ஆகவே அடிக்கடி தட்டி, தேய்ந்தால் மாற்ற வேண்டும்.

மூன்றாம் எதிரி: தண்ணீர்

இதில்தான் நம் பழக்கம் நமக்கே எதிரி. ஊரில் சிவப்பு ஆக்சைடு தரை, மொசைக், டைல்ஸ். வெள்ளிக்கிழமை என்றால் வாளித் தண்ணீரை ஊற்றி, துடைப்பத்தால் தள்ளி, வீட்டைக் கழுவி விட்டால்தான் பாட்டிக்கு மனசு நிறையும். அந்தத் தரைக்கு அதுதான் சரி. மரத்துக்கு அது விஷம். பலகைகளின் இடுக்கு வழியாக இறங்குகிற தண்ணீரை அடிப்பக்கம் உறிஞ்சும். அடி வீங்கும், மேல் வீங்காது. பலகையின் இரண்டு ஓரமும் மேலே எழும்பிக் கிண்ணம் போல ஆகிவிடும். ஓக் மரத்தில் டானின் என்ற பொருள் இருப்பதால், இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுப்புக் கறை விழும். பூந்தொட்டிக்கு அடியில், ஆணியைச் சுற்றி வருகிற கறை அதுதான்.

நீராவி மாப் இன்னும் மோசம். சூடும் ஈரமும் சேர்ந்து இடுக்குக்குள் புகும். எனக்குத் தெரிந்த ஒரு சித்தி வீட்டில், கடைக்காரர் "எல்லாத் தரைக்கும் நல்லது" என்று சொன்னதை நம்பி ஒன்று வாங்கினார்கள். சில மாதத்தில் பூச்சு மங்கிப் போனது. பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? ஹாலில் பந்து விளையாடிய சின்னவன் மேல்! பாட்டிதான் கேட்டார்: "ஏண்டி, பந்து பட்டா ஒரு இடத்துல போகும். வீடு முழுக்கவா போகும்?" எந்த இன்ஜினியரும் இதைவிட நன்றாகக் கேட்டிருக்க முடியாது.

காற்றின் ஈரமும் முக்கியம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் காற்று வறண்டு பலகைகள் அகலவாக்கில் சுருங்கும், இடைவெளி தெரியும். கோடையில் விரிந்து மூடிக்கொள்ளும். இது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் தரைக்கும் நல்லது, மூக்குக்கும் நல்லது.

அப்படியானால் என்னதான் செய்வது?

1. வாசலுக்கு வெளியே ஒரு கால்மிதி, உள்ளே ஒரு கால்மிதி. செருப்புச் சட்டம் விருந்தாளிக்கும் அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.
2. தினமும் ஒரு முறை மென்மையான துடைப்பத்தால் கூட்டுங்கள். மணலை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.
3. துடைக்கும் துணி ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது. பால் கொட்டினாலும் சாமி விளக்கு எண்ணெய் சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். விளக்குக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள்.
4. ரப்பர் அடி உள்ள விரிப்பைப் போட வேண்டாம், அது பூச்சின் நிறத்தை மாற்றிவிடும். துணி ஜமக்காளமே நல்லது. அதையும் அவ்வப்போது இடம் மாற்றுங்கள். வெயில் படாத இடம் வேறு நிறமாக நின்றுவிடும்.
5. அதிகம் நடக்கிற இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு நலம். சில நிமிடங்களில் உள்ளே இறங்கி மரம் கறுத்தால் பூச்சு தேய்ந்துவிட்டது. மரம் வெளியே தெரிவதற்கு முன்பே லேசாகத் தேய்த்து மேலே ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டால் பெரிய செலவு மிச்சம்.

"இவ்வளவு காசு கொடுத்துப் போட்ட தரை, பிள்ளைகளுக்குப் பொறுப்பு வேண்டாமா?" என்று ஒரு கேள்வி வரும். வேண்டும்தான். பொம்மைக் காரின் சக்கரத்தைத் துடைத்துவிட்டு உருட்டு, கொட்டினால் நீயே துடை என்று சொல்லிக் கொடுங்கள். அது பொறுப்பு. நடக்கும்போதே பயந்து நட என்பது பொறுப்பு அல்ல.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 19 மில்லிமீட்டர் கெட்டிப் பலகைத் தரையின் பெரிய பலமே, அதைத் தேய்த்துப் புதுப்பிக்கலாம் என்பதுதான். அதுவும் ஒரு தடவை அல்ல, பல தடவை. லேமினேட்டை அப்படிச் செய்ய முடியாது, அதன் மேலே இருப்பது மரத்தின் படம்தான். மேல் மரம் மெல்லியதாக உள்ள ஒட்டுப் பலகையும் தாங்காது. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கெட்டிப் பலகை என்றால் ஒரு கீறலுக்கு வீட்டையே நீதிமன்றம் ஆக்க வேண்டியதில்லை.

பத்து வருடம் கழித்துத் தரையைத் தேய்த்துப் புதிதாக்க ஆள் கிடைப்பார். ஆறு வயதில் ஓட வேண்டிய ஓட்டத்தைப் பதினாறு வயதில் திருப்பித் தர யாரும் கிடைக்க மாட்டார்கள். மணலை வாசலில் நிறுத்துங்கள், பிள்ளைகளை உள்ளே ஓட விடுங்கள்!

உங்கள் வீட்டில் அதிகம் கீறல் விழுந்த இடம் எது, அதற்குக் காரணம் யார்? இன்று ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு எழுதுங்களேன்.