ஆறு மூட்டு, ஒரு நரம்பு

வீட்டு இஸ்திரிப் பெட்டியின் ஒயர் எங்கே அறும்? நடுவில் அறாது. பெட்டிக்குள் நுழைகிற கழுத்தில்தான் அறும். அறுந்த பிறகும் ஒரு வாரம் ஓட்டலாம். ஒயரை ஒரு மாதிரி கோணலாகப் பிடித்தால் சுடும், விட்டால் அணையும். அந்தக் கோணம் வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஊருக்குப் போய்விட்டால் அன்றைக்கு எல்லோரும் கசங்கின சட்டையோடுதான் ஆபீஸ் போகவேண்டும்.

இதே வியாதி லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய ரோபோவுக்கும் வரும் என்பது எனக்கு ஒரு லெட்ஜரில்தான் தெரிந்தது.

பி.காம். படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. எழுதிப் பிழைத்தாலும் ‘கொஞ்சம் இந்தக் கணக்கைப் பாரேன்’ என்று நண்பர்கள் விடமாட்டார்கள். அப்படித்தான் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியின் ரிப்பேர் செலவுகளைப் புரட்டினேன். ஒரே வெல்டிங் ரோபோவின் பெயரில் வரிசையாகச் செலவு. முதலில் மோட்டார். பிறகு ஆம்ப்ளிஃபையர். அப்புறம் கன்ட்ரோலர் போர்டு. கடைசியில், எல்லாவற்றையும்விடச் சின்னத் தொகையில், ‘உள் கேபிள்’. அதோடு செலவு நின்றுவிட்டது.

துப்பறியும் கதையில் கொலைகாரன் கடைசிப் பக்கத்தில் சிக்கின மாதிரி இருந்தது. மெயின்டனன்ஸ் டெக்னீஷியனைக் கேட்டேன்.

“மொத வாரமே சொன்னேன் சார், கேபிளா இருக்கும்னு. மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தாங்க. எல்லாம் நல்லாத்தானே இருக்கு, நீ பேசாம இருய்யான்னுட்டாங்க.”

“இப்ப ஒத்துக்கிட்டாங்களா அண்ணே? இன்க்ரிமென்ட் ஏதாவது..?”

“அதுக்கு இன்னும் அலாரம் அடிக்கலை சார்!”

மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. ரோபோவை நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கை சும்மா நிற்கும்போது அறுந்த இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். கை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திரும்பும்போதுதான் விலகும். அந்த ஒரு கணத்தில், மோட்டார் எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று என்கோடர் அனுப்புகிற தகவல் கன்ட்ரோலருக்குப் போய்ச் சேராது. உடனே அலாரம். ரீசெட் செய்தால் மறுபடி ஓடும். எல்லோரும் மோட்டாரைச் சந்தேகிப்பார்கள்.

டெக்னீஷியன் வைத்தியம் எளிமையானது. “அலாரம் அடிக்கிறப்ப கை எந்த பொசிஷன்ல நிக்குதுன்னு எழுதி வைங்க. நாலு தடவையும் ஒரே இடம்னா மொதல்ல கேபிளைப் பாருங்க.” பேப்பர், பேனா. மோட்டாரைவிட மலிவு.

கேபிள் ஏன் அறுகிறது என்பது எல்.கே.ஜி. கணக்கு. மோட்டாருக்கு மின்சாரம், என்கோடர் தகவல், பிரேக் ஒயர் எல்லாம் ஒரே கட்டாக, ஆறு மூட்டுக்களின் வழியாக, கையின் வயிற்றுக்குள்ளேயே போகின்றன. ஒரு வேலைக்கு 10 செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 360. இரண்டு ஷிஃப்ட், 16 மணி நேரத்துக்கு 5,760. வருஷத்துக்கு 300 நாள் என்றால் 17,28,000. அத்தனை தடவை அந்த ஒயரைத் துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பிரிக்கிறோம்.

இங்கேதான் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் வரும். “அதே கலர், அதே தடிமன், கால்வாசி விலை. எதுக்கு ஒரிஜினல்?”

அவருக்கு மூன்று பதில். ஒன்று, வளைவது வேறு, முறுக்குவது வேறு. மெஷினில் முன்னும் பின்னும் ஓடுகிற செயினுக்குள் போடும் கேபிள் மடங்கப் பிறந்தது. ரோபோவின் மணிக்கட்டில் போட்டால் சீக்கிரம் உயிரை விடும். இரண்டு, உள்ளே செம்பு தலைமுடி போல மெல்லிய இழைகளாக இருக்கவேண்டும். மேலே பின்னல் போட்ட கவசம் முறுக்கும்போது தன்னையே அறுத்துக்கொள்ளும். சுருளாகச் சுற்றிய கவசம் விட்டுக்கொடுக்கும். வெளித்தோல் சாதா பி.வி.சி.யைவிட பாலியூரித்தேன் நல்லது. எண்ணெயும் உராய்வும் தாங்கும்.

மூன்றாவது பதிலைத்தான் பலர் கேட்பதில்லை. மீட்டருக்கு எத்தனை டிகிரி முறுக்கு தாங்கும்? மீட்டருக்கு 180 டிகிரி தாங்குகிற கேபிளை அரை மீட்டரில் இறுக்கிக் கட்டினால் 90 டிகிரிதான் தாங்கும். நல்ல கேபிளை வாங்கி, ‘பார்க்க நீட்டாக இருக்கட்டும்’ என்று கூடுதலாக நாலு டை போட்டு இறுக்குகிறவர், தன் கையாலேயே அதன் கழுத்தை நெரிக்கிறார். பழைய கேபிள் எந்த இடத்தில், எந்த வளைவில், எந்த கிளாம்ப்பில் இருந்ததோ அதே இடத்தில் புதிதும் இருக்கவேண்டும். கழற்றுவதற்கு முன் செல்போனில் பத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொன்ன கிரீஸைக் கேபிள் மேல் தடவச் சொல்லியிருந்தால் தடவுங்கள். அது அலங்காரத்துக்கு அல்ல.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. மெயின் பவரை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். பிரேக்கை நம்பி கைக்குக் கீழே தலையை நீட்டாதீர்கள். முட்டுக் கொடுத்துவிட்டு வேலை பாருங்கள். ரோபோவின் கை நம் கை மாதிரி இல்லை, நூறு கிலோ தாண்டும்.

அடுத்தது ஞாபகசக்தி. தான் எங்கே நிற்கிறோம் என்பதை என்கோடர் ஒரு சின்ன பாட்டரியின் தயவில்தான் நினைவு வைத்திருக்கிறது. கனெக்டரைப் பிடுங்கினால் பல ரோபோக்களுக்கு அது மறந்துபோகும். பிறகு மூட்டுக்களில் இருக்கிற ஜீரோ கோடுகளைச் சேர்த்து ‘மாஸ்டரிங்’ செய்யவேண்டும். செய்யாவிட்டால், தகட்டில் வைக்கவேண்டிய வெல்டிங்கைப் பக்கத்துக் காற்றில் வைக்கும். அதனால் முதலில் பேக்கப், பிறகுதான் ஸ்பேனர்.

கடைசியாக என் சப்ஜெக்ட். லெட்ஜரில் இதை ‘ரிப்பேர்’ தலைப்பில் எழுதுவதே தப்பு. ரிப்பேர் என்றால் எதிர்பாராதது. இது டயர் மாதிரி தேய்கிற சாமான். ஃபானக் ரோபோக்களில் பல மாடல்களின் கையேடே 15,360 மணி நேரம் அல்லது 4 வருஷம், எது முந்துகிறதோ அப்போது உள் கேபிளை மாற்று என்கிறது. 16 மணி நேர ஷிஃப்ட்டில் 300 நாள் என்றால் வருஷத்துக்கு 4,800 மணி. அதாவது மூன்று வருஷம், இரண்டரை மாசத்திலேயே முடிந்துவிடும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து நாமே மாற்றிவிடலாம்.

மாற்றாவிட்டால் கேபிள் தானே ஒரு நாள் பார்த்துக்கொள்ளும். அது பெரும்பாலும் மார்ச் 31.