“விளங்கினால் போதும்” என்பது போதாது

 

“சிங்களம்தானே சேர், விளங்கினால் போதும். இலக்கணம் எல்லாம் எதுக்கு?” அப்புத்தளையில் படிப்பிக்கும் எங்களிடம் பெற்றோர் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. இந்த ‘விளங்கினால் போதும்’தான் எமது பிள்ளைகளைக் கவுண்டருக்கு முன்னால் கூனிக்குறுக வைக்கிறது என்கிறோம் நாங்கள். ஒரேயொரு வினைச்சொல்லை வைத்தே அதைக் காட்டலாம். அது ‘கேட்பது’.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் உத்தியோகத்தர் ஏதோ சொல்கிறார். பிள்ளையின் காதில் விழவில்லை. டியூஷன் கொப்பியில் ‘கேட்பது - அஹனவா’ என்று ஒரே வரியில் எழுதிப் பாடமாக்கிய பிள்ளை “மம அஹன்னே நெஹெ” என்கிறது. அவருக்கு அது எப்படிப் படும்? ‘நான் கேட்கமாட்டேன்’ என்றுதான். சொல்ல வேண்டியது “மட்ட எஹென்னே நெஹெ”. காதில் தானாக விழுவது ‘எஹெனவா’, நாமாகக் கவனித்துக் கேட்பது ‘அஹனவா’. இரண்டையும் ஒன்றாக்கினால், பணிவாகப் பேச வந்த பிள்ளை திமிர் பிடித்த பிள்ளையாகிவிடுகிறது.

இது எமது பிள்ளைகளுக்குப் புதிய விஷயமும் இல்லை. ‘எனக்குக் கேட்கவில்லை’ என்பதும் ‘நான் கேட்கவில்லை’ என்பதும் ஒன்றா? ‘எனக்கு’ வரும் இடத்தில் ‘மட்ட’, ‘நான்’ வரும் இடத்தில் ‘மம’. ‘அவரிடம் கேளுங்கள்’ என்பதற்கும் ‘எயாகென் அஹன்ன’ என்று அதே வினைதான். தமிழில் ஏற்கெனவே உள்ள பாதையைக் காட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். சொற்பட்டியல் அந்தப் பாதையை மறைத்துவிடுகிறது.

அடுத்தது ஏவல். பஸ் நிலையத்தில் பிள்ளைகள் பொறுக்கி எடுத்து வருவது ‘அஹபன்’. கூட்டாளிக்குள் அது சரி. வயதில் மூத்தவரிடம், முன்பின் தெரியாதவரிடம் ‘அஹன்ன’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘கேளுடா’வுக்கும் ‘கேளுங்க’வுக்கும் உள்ள தூரம் அது. இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். தம்பேதென்ன தோட்டத்திலிருந்து இறங்கி வரும் அறுபது வயது அம்மாவிடம் யாராவது ‘அஹபன்’ என்றால், அது மரியாதைக் குறைவு என்று தெரிந்த பேரப்பிள்ளைதான் “அஹன்ன என்று சொல்லுங்கள்” எனத் திருத்தும். வடிவம் தெரியாதவனுக்கு அவமானமும் தெரியாது.

உலகமே இப்படித்தான். ஸ்பானிய மொழியில் காதில் விழுவது ‘ஓயிர்’, கவனித்துக் கேட்பது ‘எஸ்குச்சார்’. தோழனிடம் ‘எஸ்குச்சா’, பெரியவரிடம் ‘எஸ்குச்சே’. மாறுவது ஓர் உயிரொலிதான், மரியாதையே மாறிவிடுகிறது. அரபியிலும் ‘ஸமிஅ’ வேறு, ‘இஸ்தமஅ’ வேறு. குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தச் சொல்லும் அஃராப் அத்தியாயத்தின் 204ஆம் வசனத்தில் வருவது இரண்டாவது. மத்ரஸாவில் இந்த வேறுபாட்டைக் கவனிக்கும் நாம், சிங்களம் என்றால் மட்டும் ஏன் அலட்சியப்படுத்துகிறோம்?

“தமிழும் அரச கரும மொழிதானே, அவர்கள் தமிழில் பேசட்டும்” என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான். 1987இல் 13ஆம் திருத்தம் அதைச் சொன்னது. 1999இல் அப்புத்தளை இருமொழி நிர்வாகப் பிரிவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும். இந்த உரிமையில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. படிவம் தமிழில் கேளுங்கள், பதில் தமிழில் கேளுங்கள். ஆனால் சந்தைக்கும் பஸ்சுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சுற்றறிக்கை வராது. அங்கே பிள்ளையின் நாக்குத்தான் பேச வேண்டும். உரிமையைக் கேட்பதற்கும் ஒரு மொழி வேண்டும்.

ஆகவே பள்ளிவாசலிலும் கோயிலிலும் மாலை வகுப்பு நடத்துவோரிடம் கேட்பது இதுதான். சொற்பட்டியலை மூடி வையுங்கள். ஒவ்வொரு வினையையும் ‘எனக்கு’, ‘நான்’, ‘நீ’, ‘நீங்கள்’ என்ற நான்கு இடத்திலும் வைத்து வாக்கியமாகப் பேச வையுங்கள். பெற்றோரே, “எத்தனை சொல் பாடமாக்கினாய்?” என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். “பெரியவரிடம் அதை எப்படிச் சொல்வாய்?” என்று கேளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். கேட்கிறோம்.