மிதிவண்டித் தடமும் மீறப்படும் விதியும்

நகரச் சாலைகளில் மிதிவண்டிக்கெனத் தனித்தடம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு மறுப்பும் உடன் எழுகிறது. சிவப்பு விளக்கையே மதிக்காத ஊரில், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வருவதை இயல்பெனக் கொண்டுவிட்ட ஊரில், மிதிவண்டித் தடத்தை யார் மதிக்கப் போகிறார்கள் என்பதே அம்மறுப்பு. மேலோட்டமாக நோக்கின் இது நியாயமாகவே தோன்றும். ஆயின் அதன் உட்பொருள் வேறு. ஊரார் ஒழுங்கு கற்கும் வரை, மிதிவண்டியில் செல்வோர் பேருந்துக்கும் சாக்கடைக்கும் இடையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செல்லட்டும் என்பதே அது.

இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பட்டறிவு உண்டு. தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கி.மீ. நீளத்திற்குப் பேருந்துத் தனித்தடம் 2008-இல் திறக்கப்பட்டது. தில்லி ஐஐடியின் தினேஷ் மோகன், கீதம் திவாரி போன்ற அறிஞர்களின் சிந்தனையில் உருவான அத்திட்டத்தில் மிதிவண்டிக்கும் தனித்தடம் இருந்தது. நடந்தது என்ன? மோட்டார் சைக்கிள்கள் அதற்குள் புகுந்தன. ஒழுங்குபடுத்த ஆட்களை நிறுத்த வேண்டியதாயிற்று. நம் ஊர்ச் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. கார் நுழையாதபடி கல் பதிக்கலாம். மிதிவண்டி நுழையும் இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் நுழையும். இடைவெளியைக் குறுக்கினாலோ, சைக்கிள் ரிக்‌ஷாவும் மாற்றுத்திறனாளியின் மூன்றுசக்கர வண்டியும் வெளியே நிற்கும். தனித்தடத்தை ஆதரிப்போர் இவ்வுண்மையை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆயினும் அத்தடம் தோற்றது என்று சொல்ல நாம் தயங்குகிறோம். மோட்டார் சைக்கிள் புகுந்தது. பேருந்தும் லாரியும் காரும் புகவில்லை. மோதினால் உயிரைப் பறிக்கும் எடையில் பெரும்பகுதி அந்தக் கல்லுக்கு அப்பால் நின்றது. அத்திட்டம் 2016-இல் இடிக்கப்பட்டதற்கும் மிதிவண்டித் தடத்தில் நிகழ்ந்த விதிமீறல் முதன்மைக் காரணம் அன்று. கார்கள் நெடுநேரம் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது என்ற சினமே காரணம். அதற்கெதிரான வழக்கை 2012-இல் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தும், அச்சினம் அடங்கவில்லை.

ஆக, விதி மதிக்கப்படாத இடத்தில் தடம் பயன்படுமா என்று பொதுவாகக் கேட்பது பிழை. எத்தகைய தடம் என்று கேட்பதே முறை. தார்ச்சாலையில் இழுத்த வெள்ளைக்கோடு ஒரு வேண்டுகோள் மட்டுமே. அதைக் காக்க நூறடிக்கு ஒரு காவலர் வேண்டும். உயர்த்திக் கட்டிய விளிம்புக்கல்லோ நள்ளிரவிலும் பணியில் இருக்கும், கையூட்டு வாங்காது. எனவே காவல் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கேதான் கட்டுமானம் வலுவாக இருத்தல் வேண்டும். சந்திப்புகளில் இது இன்னும் முக்கியம். நம் தடங்கள் பெரும்பாலும் சந்திப்புக்குச் சற்று முன்பே மறைந்துவிடுகின்றன. ஆபத்து மிகுவதோ அங்கேதான். பக்கத்துத் தெரு வந்து சேருமிடத்தில் தடத்தை மேடாகவே தொடரச் செய்தால், திரும்பும் வண்டி தானாக வேகம் தணியும். அங்கே அறிவிப்புப் பலகைக்கு வேலையே இல்லை.

'முதலில் ஒழுக்கம், பிறகு தடம்' என்போர் நெதர்லாந்தைச் சுட்டி, அவர்கள் பண்பட்டவர்கள் என்பர். 1971-இல் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 3,000-க்கும் மேல். அவர்களுள் குழந்தைகள் 400-க்கும் மேல். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று பெற்றோர் தெருவுக்கு வந்த பின்னரே சாலைகள் மாறத் தொடங்கின. ஸ்பெயினின் செவில் நகரத்திலும் மிதிவண்டி ஓட்டுவோர் மிகச் சிலராய் இருந்தனர். 2006 முதல் சில ஆண்டுகளில் 100 கி.மீ.க்கும் மேலான தனித்தடம் ஒன்றோடொன்று இணையுமாறு கட்டப்பட்டது. ஓட்டுவோர் தொகை பன்மடங்கு பெருகியது. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பது தமிழ் படித்தோர் அறிந்ததே. சாலைக்கும் அது பொருந்தும். நூறு பேர் நாள்தோறும் செல்லும் தடத்தில் புகக் கூசும் மோட்டார் சைக்கிள்காரர், வெறிச்சோடிய தடத்தில் கூசமாட்டார்.

இது தமிழ்நாட்டில் வெறும் ஏட்டு விவாதம் அன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி கற்றனர். 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் மற்ற மாணவர்க்கும் விரிந்தது. வண்டியைக் கொடுத்த அரசு, அதை ஓட்டிச்செல்லும் இடத்தைக் கொடுக்கவில்லை. 2014-இல் சென்னை மாநகராட்சி ஏற்ற கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்கவேண்டும் என்றது. சில சாலைகளில் நடைபாதை அகன்றது. மிதிவண்டிக்குக் கிடைத்தது சொற்பமே.

நாம் வேண்டுவது திறப்புவிழாப் புகைப்படத்திற்கான அரைக் கிலோமீட்டர்த் தடத்தை அன்று. குடியிருப்பிலிருந்து பள்ளிக்கும் சந்தைக்கும் அறாமல் செல்லும் தடத்தை. முதற்சில மாதங்களேனும் அதில் நிற்கும் காவலரை. தலைக்கவசத்திற்காகச் சந்திதோறும் நிற்க இயன்ற காவல்துறைக்கு இதுவும் இயலும். காவலே இல்லை என்பதன்று நம் குறை; அது யாருக்காக நிற்கிறது என்பதே.