தூரத்துக்கு ஒரு விலை

எழுபதுகளின் கடைசியில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தபோது முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம். புல்வாருக்குள் இருந்த அலுவலகத்துக்கு சைக்கிளில் பத்து நிமிஷம். பள்ளியில் 'வெலோ' என்று படித்த அந்த வண்டிதான் அன்றைய புதுச்சேரியின் வாகனம். மார்க்கெட், ஆஸ்பத்திரி, சினிமா எல்லாம் அதன் எல்லைக்குள் அடங்கின.

பிறகு எல்லோரையும் போல நானும் கடன் வாங்கி வில்லியனூர் பக்கம் மனை வாங்கினேன். "காற்றோட்டமான இடம்" என்று மனைவியிடம் பெருமையடித்தேன். இன்று அந்த வீட்டில் இரண்டு ஸ்கூட்டர், ஒரு கார். பேத்தியின் பள்ளியோ நகரத்தில். மூலக்குளம், ரெட்டியார்பாளையம் தாண்டி இந்திரா காந்தி சிலையை அடைவதற்குள் காலையில் அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. அவள் பையில் டிபன் பாக்ஸோடு இன்ஹேலரும் இருக்கிறது. அது புகையால்தான் வந்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் நெரிசலில் நின்றால் அவளுக்கு இருமல் கூடுவதைப் பார்க்கிறேன்.

புகை என்றால் நாம் வண்டியைத்தான் குறை சொல்கிறோம். வண்டிக்குக் காரணம் தூரம் என்பதை மறந்துவிடுகிறோம். எலெக்ட்ரிக் கார் வந்தால் தீரும் என்கிறார்கள். புகை குறையும், உண்மை. டயரும் சாலையும் தேய்ந்து பறக்கும் தூசு எங்கே போகும்? "நமக்குத்தான் கடற்காற்று இருக்கிறதே" என்பார் இன்னொரு நண்பர். பகலில் வீசும் அந்தக் காற்று நகரத்துப் புகையை மேற்கே, நாங்கள் குடிபோன பக்கம்தான் தள்ளுகிறது! வரம்புக்குள் இருக்கிறது என்பதும் முழு ஆறுதல் இல்லை. நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது வெறும் 5.

இதில் எனக்கும் பங்கு உண்டு. மனைப்பிரிவுக் கோப்புகள் சில என் மேசை வழியாகவும் போயின. சாலை எத்தனை அடி அகலம் என்று கேட்டோம். பஸ் வருமா, பிள்ளைகள் நடந்துபோகும் தூரத்தில் பள்ளி உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஒரு வரி குறிப்பு எழுதவில்லை.

இனியாவது அனுமதி தருமுன் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்கட்டும். ஏற்கெனவே குடிவந்துவிட்ட எங்களுக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு சின்ன பஸ், நடக்க ஒரு நடைபாதை போதும். மேம்பாலம் கட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு. அப்படி ஒரு பஸ் வந்தால் என் வீட்டிலேயே ஒரு வண்டி குறையும். நிறுத்தத்தில் பேத்தியோடு முதல் ஆளாக நான் நிற்பேன்.